யாரு அப்பிடிச் சொன்னா?: ஓஇடி பேச்சுத் தேர்வுக்கு ஐந்து செவிலியர்களைத் தயார்செய்த எட்டு வாரங்கள்

இது ஐந்து பேரைப் பற்றிய ஆய்வு. ஐந்து பேரும் குமரி மாவட்டத்துச் செவிலியர்கள். இங்கிலாந்தில் வேலைக்குப் போவதற்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுத வேண்டியவர்கள். பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. நம் பக்கத்தில் ஆளை ஊரை வைத்துச் சொல்வதுபோல குலசேகரத்துப் பெண், கருங்கல் பையன், குளச்சல் அக்கா, தோவாளைப் பெண், களியக்காவிளைப் பையன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

தக்கலையில் என் வீட்டு மாடியில் எட்டு வாரம் வகுப்பு நடந்தது. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு மணி முதல் ஏழரை வரை. அதற்கு மேல் யாருக்கும் நேரம் கிடையாது. ஒருவர் டியூட்டிக்கு ஓட வேண்டும், ஒருவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், ஒருவர் குழித்துறை ஸ்டேஷனில் திருவனந்தபுரம் ரயிலைப் பிடிக்க வேண்டும். நான் பல வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள். செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது பிறகுதான்.

இதை எழுதக் காரணம் குலசேகரத்துப் பெண். மற்ற நால்வர் கதையும் கூட வந்தால்தான் அவள் விஷயம் முழுதாக விளங்கும்.

வந்தபோது இருந்த நிலை

அவளுக்கு ஒன்பது வருட அனுபவம். திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை வார்டில் வேலை. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். தேர்வின் நான்கு பகுதிகளில் கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றையும் தாண்டிவிட்டாள். பேசுதல்தான் நின்றது. முதல் தடவை 330, இரண்டாம் தடவை 320. இங்கிலாந்தின் செவிலியர் பதிவு அமைப்பான என்எம்சி பேசுதலில் கேட்பது பி கிரேடு, அதாவது 500-க்கு 350. எழுதுதலுக்கு மட்டும் சி பிளஸ், 300 போதும். இரண்டு தடவை எழுதிய மதிப்பெண்களைச் சேர்த்துக் காட்டலாம். ஆனால் இரண்டு தேர்வும் 12 மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். அவளுக்கு அந்தக் கெடுவில் நான்கு மாதம் பாக்கி இருந்தது. அது போனால் தாண்டிய மூன்று பகுதிகளையும் மறுபடி தாண்ட வேண்டும். தேர்வுக் கட்டணமே அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பெண் என் வீட்டுப் படியேறியபோது எந்த நிலையில் இருந்தாள் என்று புரியும்.

எனக்குக் குழப்பமாக இருந்தது வேறு விஷயம். அவள் ஆங்கிலம் நன்றாகவே இருந்தது. பிழை குறைவு, வார்த்தைக்குத் தட்டுப்பாடு இல்லை, தயக்கமும் இல்லை. ஐந்து பேரில் ஆங்கிலத்தில் இரண்டாவது இடம் கொடுத்திருப்பேன். பிறகு ஏன் 320?

தேர்வு எப்படி நடக்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆக்குபேஷனல் இங்கிலீஷ் டெஸ்ட் என்பதன் சுருக்கம்தான் ஓஇடி. மருத்துவம் சார்ந்த 12 தொழில்களுக்கு நடக்கிறது, செவிலியர் பணி அதில் ஒன்று. பேச்சுத் தேர்வு சுமார் 20 நிமிடம். தொடக்கத்தில் சின்னதாக ஒரு அறிமுகப் பேச்சு, அதற்கு மதிப்பெண் இல்லை. அப்புறம் இரண்டு ரோல் பிளே. ஒவ்வொன்றுக்கும், சூழ்நிலையும் செவிலியர் செய்ய வேண்டியவையும் எழுதிய ஒரு கார்டு தந்து மூன்று நிமிடம் படிக்க விடுவார்கள், பிறகு ஐந்து நிமிடம் பேச வேண்டும். எதிரே நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பவர் மதிப்பெண் போடுவதில்லை. பேச்சு பதிவாகிறது. அதை வேறு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியாகக் கேட்டுப் போடுகிறார்கள்.

மொழிக்கு நான்கு அளவுகோல்: பேசுவது தெளிவாகக் கேட்கிறதா, தடையில்லாமல் வருகிறதா, இடத்துக்கும் ஆளுக்கும் பொருந்துகிறதா, இலக்கணமும் சொல்வளமும் எப்படி. ஒவ்வொன்றுக்கும் 6 வரை. 2018 செப்டம்பரிலிருந்து இன்னொரு ஐந்து சேர்ந்தன: நோயாளியோடு உறவை ஏற்படுத்துவது, அவர் பக்கத்திலிருந்து விஷயத்தைப் புரிந்துகொள்வது, பேச்சை ஒழுங்காகக் கொண்டுபோவது, தகவல் கேட்டுப் பெறுவது, தகவல் சொல்வது. ஒவ்வொன்றுக்கும் 3 வரை, மொத்தம் 15. இந்த 15-ஐப் பற்றித்தான் நம் பக்கத்துப் பயிற்சி வகுப்புகள் அதிகம் கவலைப்படுவதில்லை. அல்லது கவலைப்பட்டு, அதற்கும் மனப்பாடம் செய்ய வாக்கியங்கள் அச்சடித்துக் கொடுத்துவிடுகின்றன.

குலசேகரத்துப் பெண்ணிடம் அப்படி ஒரு தாள் இருந்தது. முன்னால் படித்த வகுப்பில் கொடுத்தது. மடிப்பு கிழிந்து, டேப் ஒட்டி வைத்திருந்தாள். ஆறுதல் சொல்ல பதினைந்து வாக்கியம், அறிமுகத்துக்கு ஐந்து, முடிப்பதற்கு ஐந்து. எல்லாம் இலக்கணப்படி சரியான வாக்கியங்கள்தான்.

முதல் மூன்று வாரம்: என் பக்கத் தவறு

முதல் மூன்று வாரம் நான் செய்தது பெரும்பாலும் வீண். அதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலை செய்கிற ஆசிரியர்கள் இதைப் படிப்பார்கள்.

பள்ளிக்கூடப் பழக்கம் எனக்கு. பிழை கேட்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். ரோல் பிளே நடக்கும்போதே நடுவில் நிறுத்தித் திருத்தினேன். 'ஐ ஆம் ஹேவிங்' என்றால் திருத்தம், 'ஸ்மால் ஸ்மால் பெயின்' என்றால் திருத்தம். இரண்டாவது வாரம் முடிவதற்குள் தோவாளைப் பெண் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். ஐந்து பேரில் ஆங்கிலம் மிகவும் பலவீனமாக இருந்தது அவளுக்குத்தான். ஒரு புதன்கிழமை, கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், எனக்கு முன்னாடி அவங்க பேசட்டும்" என்றாள். அடுத்த வகுப்பிலும் அதையே சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கருங்கல் பையன் நேர் எதிர். படித்து முடித்து இரண்டே வருடம், பேச்சில் மின்னல் வேகம். கார்டில் இருக்கிற ஐந்து கட்டளைகளையும் இரண்டரை நிமிடத்தில் முடித்துவிட்டு, "முடிஞ்சுது டீச்சர்" என்று உட்கார்ந்துவிடுவான். நோயாளி வாய் திறக்க இடமே கிடைக்காது. அவனுக்கும் நான் இலக்கணத்தைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன்.

குளச்சல் அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. சவுதியில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். நாலு நாட்டு ஆட்களோடு வேலை செய்து பழகிய ஆங்கிலம். வேலைக்குப் போதும், வளைந்து கொடுக்கும், ஆனால் வாக்கியங்கள் பாதியில் நிற்கும். 'கோ, ஸிட், வெயிட், டாக்டர் கமிங்' என்கிற அளவில் எட்டு வருடத்தை ஓட்டியிருக்கிறார். அந்த ஊரில் அது மரியாதைக் குறைவாக யாருக்கும் படவில்லை. ஓஇடி-யில் படும்.

மூன்றாவது வார முடிவில் எல்லோருடைய பேச்சையும் போனில் பதிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்டேன். குலசேகரத்துப் பெண்ணின் ஐந்து நிமிடத்தில் 'ஐ அண்டர்ஸ்டேண்ட் யுவர் கன்சர்ன்' ஏழு தடவை வந்தது. ஒரு இடத்தில், நோயாளியாக நடித்த நான், என் கணவர் ஊரில் இல்லை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது என்று சொல்கிறேன். அதற்கும் அதே வாக்கியம். உடனே கார்டின் அடுத்த கட்டளைக்குப் போய்விடுகிறாள். நான் சொன்னது அவள் காதில் விழவே இல்லை. 320-க்குக் காரணம் அந்த இடத்தில் இருந்தது.

பாட்டா வந்த நாள்

நான்காவது வாரத் திங்கட்கிழமை ஆங்கிலத்தை ஒதுக்கி வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டாவைக் கேட்டுக்கொண்டேன். எழுபது தாண்டியவர், பல வருடமாகச் சுகர். அவருக்கு ஒரு சூழ்நிலை சொன்னேன்: காலில் புண், ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறீர்கள், கட்டு மாற்ற நர்ஸ் வருகிறார், உங்களுக்கு விருப்பமில்லை. குலசேகரத்துப் பெண்ணிடம் கார்டைக் கொடுத்து, "ஐந்து நிமிடம், தமிழில் பேசு, வார்டில் பேசுகிற மாதிரியே பேசு" என்றேன். போன் மேஜையில் ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டா சொன்னதைவிட நன்றாகவே நடித்தார். அல்லது நடிக்கவே இல்லை. இரண்டாவது நிமிடத்தில், கார்டில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"என் காலை எடுத்துருவாங்களா மக்ளே?"

அவள் கொஞ்சம் நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"யாரு பாட்டா அப்பிடிச் சொன்னா?"

"யாரும் சொல்லல்ல. வடக்கு வீட்டுக்காரன் தம்பிக்கு அப்பிடித்தான ஆச்சு."

"அவருக்குப் புண்ணு எவ்வளவு நாளா இருந்துது?"

பாட்டா சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. அப்புறம், "அவரு ஆறு மாசம் காட்டாம இருந்திருக்காரு, நீங்க பத்து நாளுல வந்துட்டிய, இல்லியா? இப்போ ரெண்டு விஷயம் சொல்லுதேன், கேட்டுக்கோங்க" என்று தொடங்கினாள். கட்டை ஏன் மாற்ற வேண்டும், வலித்தால் என்ன செய்வோம், இரண்டையும் சொன்னாள். பைய காலைத் தூக்கி வையுங்க என்றாள். பாட்டா காலைத் தூக்கி வைத்தார். அது ரோல் பிளே என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பதிவை எல்லோருமாகக் கேட்டோம். பக்கத்தில் ஓஇடி-யின் ஐந்து அளவுகோல்களையும் எழுதி வைத்திருந்தேன். நோயாளியின் பயம் என்ன என்று தோண்டிக் கேட்டாளா? கேட்டாள். திறந்த கேள்வியில் தொடங்கிப் பின்னால் குறிப்பான கேள்விக்குப் போனாளா? போனாள். இனி என்ன சொல்லப்போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லிப் பேச்சை ஒழுங்குபடுத்தினாளா? ரெண்டு விஷயம் சொல்லுதேன் என்றாளே, அதுதான். பயத்தை எடுத்து, அந்தப் பயத்தோடு ஒட்டியே விளக்கம் சொன்னாளா? வடக்கு வீட்டுக்காரன் தம்பிக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னாள். ஆறுதல் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் பாட்டாவுக்கு ஆறுதல் கிடைத்தது.

அன்றைக்கே அதே கார்டை ஆங்கிலத்தில் செய்யச் சொன்னேன். நான் நோயாளி. 'வில் தே கட் ஆஃப் மை ஃபுட்?' என்று கேட்டேன். 'டோன்ட் வொரி, ஐ அண்டர்ஸ்டேண்ட் யுவர் கன்சர்ன், வி வில் டேக் குட் கேர் ஆஃப் யு' என்றாள். சொல்லி முடித்ததும் அவளே வாயில் கை வைத்துக்கொண்டாள்.

எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்தது. ஒன்பது வருடமாக வார்டில் இதைச் செய்துகொண்டிருக்கிற பெண், ஆங்கிலம் என்றதும் அதையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு, ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள்.

நெய்யூரில் 1838-இல் லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கிய காலத்திலிருந்து நம் மாவட்டத்துக்கும் ஆங்கில மருத்துவத்துக்கும் பழக்கம் உண்டு. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல்கூட அங்கே பல வருடம் மருத்துவராக இருந்தவர். அன்றைக்குக் கடல் கடந்து வந்தவர்கள் நம் ஊர் நோயாளியிடம் பேசக் கற்க வேண்டியிருந்தது. இப்போது நம் பிள்ளைகள் அந்த ஊர் நோயாளியிடம் பேசப் போகிறார்கள். நோயாளியின் பயம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு

அன்றிலிருந்து வகுப்பின் முறையை மாற்றினேன். ஒவ்வொரு கார்டும் முதலில் தமிழில். பதிவு. எல்லோருமாகக் கேட்பது. அப்புறம் ஆங்கிலம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழ் வாக்கியத்தை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. 'யாரு அப்பிடிச் சொன்னா' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டால் சண்டைக்கு இழுப்பதுபோல இருக்கும். அந்த வாக்கியம் என்ன வேலை செய்தது என்று பலகையில் எழுதினோம். பயத்தின் ஊற்றைத் தேடியது. சரி, அந்த வேலையை ஆங்கிலத்தில் எது செய்யும்? 'வாட் மேக்ஸ் யு திங்க் தட்?' செய்யும், மெதுவாகச் சொன்னால். 'ஹேஸ் சம்திங் ஹாப்பண்ட் டு சம்ஒன் யு நோ?' இன்னும் நன்றாகச் செய்யும். இதைக் கண்டுபிடித்தது குலசேகரத்துப் பெண். அந்த வாக்கியம் எந்தத் தாளிலும் இருந்திருக்காது.

மரியாதை விஷயத்தில் நாங்கள் நிறைய நேரம் செலவழித்தோம். தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. உட்காருங்க, சொல்லுங்க, காட்டுங்க. அந்த 'ங்க' இருக்கும்வரை கட்டளைகூடக் கட்டளையாகக் கேட்காது. ஆங்கிலத்தில் 'ஸிட் டவுன்' என்றால் வால் அறுந்துபோகிறது. நம் பிள்ளைகள் மனதில் மரியாதையோடுதான் சொல்கிறார்கள், கேட்கிறவருக்கு அது போய்ச் சேர்வதில்லை. ஆங்கிலத்தில் மரியாதை வாக்கியத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது: 'வுட் யு லைக் டு', 'குட் ஐ ஜஸ்ட்', 'இஸ் இட் ஆல் ரைட் இஃப் ஐ'. குளச்சல் அக்காவுக்கு இதைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார். "அப்ப வாலை எடுத்துத் தலையில வைக்கணும்" என்றார். அவருடைய பெரிய குறை பாதி அங்கேயே தீர்ந்தது. அதன்பின் ஒரு வாரம் வீட்டில் பிள்ளைகளிடம்கூட 'குட் யு பிளீஸ்' என்றுதான் பேசினாராம்.

எளிய சொல் இன்னொரு லாபம். நர்சிங் பாடத்தை ஆங்கிலத்தில் படித்ததால் நம் செவிலியர்களுக்குக் கனமான சொற்கள் தெரியும், சாதாரணச் சொற்கள் தெரியாது. இடீமா தெரியும், ஸ்வெல்லிங் சட்டென்று வாயில் வராது. வெர்டிகோ வரும், டிஸி வராது. தேர்வில் நோயாளியிடம் இடீமா என்றால் அது குறைதான். தமிழில் பேசும்போது யாரும் நோயாளியிடம் அப்படிச் சொல்வதில்லை. "காலுல நீர் கோத்திருக்கு", "தலை சுத்துதா" என்றுதான் சொல்கிறார்கள். அந்தத் தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால், அதே உயரத்தில் இருக்கிற ஆங்கிலச் சொல் கிடைத்துவிடுகிறது.

தமிழ் எல்லாவற்றிலும் உதவியது என்று சொல்ல மாட்டேன். இரண்டு இடத்தில் அது காலை வாரியது. ஒன்று, அடுக்குக் கேள்வி. "காய்ச்சல் உண்டா, சளி உண்டா, ராத்திரி தூங்கினியளா?" என்று ஒரே மூச்சில் கேட்பது வார்டுப் பழக்கம். நோயாளி கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி என்பது ஓஇடி-யின் விதி மட்டுமல்ல, நல்ல வைத்தியத்தின் விதியும் கூட. இரண்டு, எதிர்மறைக் கேள்வி. 'உங்களுக்குப் பெனிசிலின் அலர்ஜி இல்லியே?' என்றால் அலர்ஜி இல்லாதவர் தமிழில் 'ஆமா' என்பார். ஆங்கிலத்தில் அதே ஆள் 'நோ' என்பார். இதைக் குழப்பிக்கொண்டால் மருந்து மாறிப்போகும். அப்படிக் கேட்கவே கூடாது என்று வகுப்பில் தடை போட்டோம். 'டூ யு ஹேவ் எனி அலர்ஜிஸ்?' என்பதோடு நிறுத்த வேண்டும்.

உச்சரிப்புக்கு எட்டு வாரத்தில் அதிகம் செய்ய முடியாது, செய்யவும் இல்லை. ஊர் வாடை அடிப்பதற்குத் தேர்வில் மதிப்பெண் குறைவதில்லை. புரியாமல் போனால்தான் குறையும். எனவே இரண்டே விஷயம் எடுத்துக்கொண்டோம். முதுகுக்கும் பைக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டும் 'பேக்' என்றுதான் வரும். மாத்திரைக்கும் கட்டணச் சீட்டுக்கும் உள்ள சொற்கள் இரண்டும் 'பில்'. நம் எழுத்தில் வித்தியாசம் இல்லாததால் நாக்கும் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் நமக்கு அந்த ஒலிகள் தெரியாது என்றில்லை. 'பாம்பு' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வருகிற 'ப'வும் கடைசியில் வருகிற 'பு'வும் வேறு வேறு ஒலி. முதல் ஒலி மாத்திரைக்கு, கடைசி ஒலி சீட்டுக்கு. கருங்கல் பையன் பத்து நாள் பாம்பு பாம்பு என்று சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறினான்.

மற்றது சொல்லழுத்தம். நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்கிறோம். அலர்ஜி என்பதில் அழுத்தம் முதல் அசையில், அலர்ஜிக் என்றால் இரண்டாவதற்கு நகரும். மெடிசின் முதல் அசை, ஆபரேஷன் 'ரே'. செவிலியர் அன்றாடம் சொல்கிற ஐம்பது சொல்லுக்கு மட்டும் அழுத்தம் குறித்து, ரயிலில் போகும்போது சொல்லிப் பார்க்கக் கொடுத்தேன்.

தோவாளைப் பெண் கற்றுக்கொடுத்தது

தமிழ் ரோல் பிளே தொடங்கிய பிறகு தோவாளைப் பெண்ணை எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஐந்து பேரிலும் அவள்தான் முதல். சுகருக்குப் புதிதாக மாத்திரை எழுதப்பட்ட நோயாளிக்கு உணவு பற்றிச் சொல்ல வேண்டும், அதுதான் கார்டு. மற்ற நால்வரும் எது சாப்பிடலாம், எது கூடாது என்று பட்டியல் போட்டார்கள். அவள் பாட்டாவிடம், "காலையில என்ன சாப்பிடுவிய?" என்று தொடங்கினாள். மரச்சீனியும் சாளைக் கறியும் என்றார் பாட்டா, ராத்திரி இரண்டு மட்டிப்பழம் என்றார். அவள் அதிலிருந்தே பேச்சைக் கொண்டுபோனாள். எதையும் அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை, அளவைப் பற்றிப் பேசினாள். கடைசியில், 'புரிஞ்சுதா?' என்று எல்லோரும் கேட்கிற இடத்தில், அவள் கேட்டது இது:

"வீட்டுல மருமக கேட்டா என்ன சொல்லுவிய?"

பாட்டா தன் வாயால் முழுவதையும் திருப்பிச் சொன்னார். ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னார், அவள் திருத்தினாள். நோயாளிக்கு விளங்கியதா என்று சோதிக்க ஓஇடி எதிர்பார்ப்பது இதைத்தான். 'டூ யு அண்டர்ஸ்டேண்ட்?' என்று கேட்டால் யாரும் தலையை ஆட்டிவிடுவார்கள். அந்தக் கேள்வியை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனோம்: 'வென் யு கெட் ஹோம், ஹவ் வில் யு எக்ஸ்ப்ளெய்ன் திஸ் டு யுவர் ஃபேமிலி?' ஐந்து பேருமே அதை எடுத்துக்கொண்டார்கள். முதல் மூன்று வாரம் வாய் திறக்கப் பயந்த பெண்ணின் கேள்வி அது.

கருங்கல் பையனுக்குச் செய்தது ஒன்றே ஒன்று. கேள்வி கேட்டபின் மனதுக்குள் மூன்று எண்ண வேண்டும், நோயாளி பேசி முடித்தபின் மறுபடி ஒன்று எண்ண வேண்டும். இரண்டு வாரம் அவனுக்கு அது சித்திரவதை. பிறகு பழகிவிட்டது.

களியக்காவிளைப் பையன் ஐந்தாவது வாரத்தோடு நின்றுவிட்டான். வேலைக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சி ஒன்று அவசரமாக வளைகுடாவில் இடம் இருக்கிறது என்று கூப்பிட்டதும் கிளம்பிவிட்டான். மலையாளமும் தமிழும் கலந்து நோயாளியிடம் அவ்வளவு இதமாகப் பேசுவான். இன்னும் மூன்று வாரம் இருந்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

மதிப்பெண்கள்

குலசேகரத்துப் பெண் 370. கெடுவுக்கு மூன்று வாரம் முன்னால் முடிவு வந்தது. குழித்துறை ஸ்டேஷனிலிருந்து போன் செய்தாள். ரயில் சத்தத்தில் எனக்கு எண் சரியாகக் கேட்கவில்லை, இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

கருங்கல் பையன் 360. குளச்சல் அக்கா 350, மயிரிழை. ஆனால் அவருக்கு வாசித்தல் பகுதி இன்னும் பாக்கி இருக்கிறது. தோவாளைப் பெண் 330.

தோவாளைப் பெண்ணின் 330-ஐப் பற்றி இரண்டு வார்த்தை. அவள் தேர்வு முடிந்து வந்து இரண்டு ரோல் பிளேயையும் ஒன்றுவிடாமல் எனக்குச் சொன்னாள். கேட்கத் தெரிந்திருக்கிறது, நிறுத்தத் தெரிந்திருக்கிறது. விளக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் வாக்கியம் அறுந்திருக்கிறது. அவளுக்கு உண்மையிலேயே மொழி போதவில்லை, எட்டு வாரத்தில் அதை ஈடுகட்ட முடியாது. முதல் மூன்று வாரத்தை நான் வீணடிக்காமல் இருந்தால் இருபது புள்ளி கூடியிருக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கூடியிருக்கும் என்றே நினைக்கிறேன். இப்போது அவளுக்கு மட்டும் தனியாக, வாரம் இரண்டு நாள், காரணம் சொல்லும் வாக்கியங்களும் 'இஃப்' போட்ட வாக்கியங்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இம்முறை திருத்தங்களைப் பேச்சு முடிந்த பிறகுதான் சொல்கிறேன், ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் சொல்வதில்லை.

இந்த முறையை நால்வரை வைத்து மட்டும் பார்த்திருக்கிறேன். நால்வருமே வார்டில் வேலை செய்தவர்கள், தமிழில் நோயாளியிடம் பேசத் தெரிந்தவர்கள். படித்து முடித்து நேராக வருகிற பிள்ளைகளுக்குத் தமிழிலேயே அந்தப் பேச்சு இருக்காது. அவர்களுக்கு இது எப்படி வேலை செய்யும் என்று பார்க்க வேண்டும். அடுத்த குழுவில் அப்படி இரண்டு பேர் வருகிறார்கள்.

அந்தக் குழுவுக்கு முதல் நாளிலிருந்தே தமிழ் கார்டுதான். பாட்டா சம்மதித்துவிட்டார். ஆனால் எல்லாக் கார்டிலும் அவரே நோயாளியாக இருக்க முடியாது. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று வருகிற தாய், பிரசவத்துக்குப் பயப்படுகிற பெண், இப்படியும் கார்டுகள் உண்டு. அதற்குப் பாட்டாவின் மருமகளைக் கேட்டிருக்கிறேன். பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு என்றால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், அதனால் வெள்ளிக்கிழமை வகுப்பை மட்டும் ஒன்பது மணிக்கு மாற்ற முடியுமா என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.